உள்ளே விழுந்த டொக்கு

வியாசர்பாடி,
11.5.2008

தோஸ்து சாலமோனுக்கு,

எழிலன் எழுதுவது. உன் பெயரில் 'மோன்' இருக்கிறது, சட்டைப்பையில் போன் இருக்கிறது, ஆனாலும் எடுக்க மாட்டேன் என்கிறாய். நான்காவது தடவை எடுத்தது உன் சித்தப்பா. "யாருல அது?" என்றார். நான் பயந்துபோய் "ராங் நம்பர் அங்கிள்" என்றேன். "ராங் நம்பருன்னு ஒனக்கு எப்படில தெரியும்?" என்றார். நியாயமான கேள்வி. மூக்குப்பீறி என்ற ஊரில் இருப்பவர்களுக்கு மூக்கு மட்டுமல்ல, மூளையும் கூர்மைதான் போல.

எக்மோரில் ரயில் ஏறும்போது நீ சொன்னது ஞாபகம் இருக்கிறது. "போன் பண்ணாத. போன்ல நீ சிரிக்க வச்சிருவ. மூணாம் தேதி நடந்ததை ஒண்ணு விடாம பேப்பர்ல எழுதி அனுப்பு. நான் எங்க தப்பு பண்ணினேன்னு எனக்குத் தெரியணும்." சரி, பரீட்சைக்குக்கூட இவ்வளவு எழுதியதில்லை. எழுதுகிறேன்.

காலை பத்து மணி, மாத்தூர் கன்டெய்னர் யார்டு. வெளியே வெயில், அதனால் ஷெட்டுக்குள் வைத்தோம். வெயிலில் சோடாபுட்டிக்குக் கண் கூசும். (அன்புக்கரசி மேடம் தரமணி ஆய்வுக்கூடத்திலிருந்து கொடுத்த ஆழக் கேமராவை நான் சோடாபுட்டி என்று கூப்பிடுவதை நீ இன்னும் மன்னிக்கவில்லை என்று தெரியும்.) பக்கத்தில் கழுகு, அதாவது எட்டு மெகாபிக்சல் போட்டோ கேமரா. இரண்டையும் ஒரே இரும்புப் பட்டையில் ஆறு சென்டிமீட்டர் தள்ளி நீதான் முடுக்கினாய். மேடம், யார்டு மேனேஜர் சண்முகவேல், தரமணியிலிருந்து இன்னும் இரண்டு பேர், எங்கள் அப்பா எல்லோரும் வந்திருந்தார்கள். பாலிடெக்னிக் வாத்தியார் யாரும் வரவில்லை, லீவு.

நீ விளக்கினாய். நன்றாகத்தான் விளக்கினாய். "இந்த கேமரா தானே வெளிச்சம் அனுப்பி, அது பட்டுத் திரும்புறத வச்சுத் தூரம் சொல்லும் சார். ஆனா படம் மங்கல், அகலத்துக்கு நூத்தி எழுபத்தாறு புள்ளிதான். அந்த கேமரா ஆணித் தலையக்கூடக் காட்டும், ஆனா தூரம் தெரியாது. ரெண்டையும் ஒண்ணாக்கினா ஒவ்வொரு ஆணியும் எவ்வளவு உள்ள இருக்குன்னு தெரியும்." கன்டெய்னர் வரும்போதே டொக்கு, அதாவது தகரம் நசுங்கிய குழி, இருந்ததா, யார்டில் விழுந்ததா என்ற சண்டைக்கு இனி நூலும் ஸ்கேலும் வேண்டாம் என்றாய். டிங்கரிங் வேலைக்கு நூலும் ஸ்கேலும் பிடிக்கிற எங்கள் அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நீ மஞ்சள் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு, கறுப்பு வெள்ளை ஸ்கேலைப் பிடித்துக்கொண்டு, டொக்கு விழுந்த கன்டெய்னர் சுவருக்கு முன்னால் நின்றாய். நான் பட்டனை அழுத்தினேன். கம்ப்யூட்டரில் படம் வந்தது. டொக்கு உள்ளே போகவில்லை, வெளியே புடைத்துக்கொண்டு நின்றது. இரண்டாவது படம், அதே. மூன்றாவது, அதைவிட மோசம். சண்முகவேல் சார் சிரித்தார். "இன்னா தம்பி, டப்பா உள்ள போய்கீதா வெளிய வந்துகீதா, அதுகூட தெர்ல உன் மிஷினுக்கு?" அப்பா எழுந்துபோய் டொக்குக்குள் கையை வைத்து, "உள்ளதான் சார் போய்கீது. நாலு வெரலு" என்றார். அவருக்கு அதில் கொஞ்சம் சந்தோஷம். நான் பார்த்தேன்.

அப்புறம் நீ இருபது நிமிஷம் புரோகிராமை மேலும் கீழும் ஓட்டினாய். கடைசியில், "என் கணக்குதான் தப்பு மேடம்" என்றாய். வெளியே போய்விட்டாய்.

இவ்வளவுதான் நான் பார்த்தது.

இன்னொன்று. இதை எப்படி எழுதுவதென்று தெரியாமல் அரை மணி நேரமாகப் பேனாவைக் கடித்துக்கொண்டிருக்கிறேன், வாயெல்லாம் ஊதா. மேடம் இந்த வருஷத்துப் பயிற்சி இடத்துக்கு என்னை எடுத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை ஆர்டர் வந்தது. அந்த இடம் உன்னுடையது என்று எனக்குத் தெரியும், ஊருக்கே தெரியும். அம்மா கெங்கம்மா கேசரி கிண்டினாள். எனக்கு இறங்கவில்லை. (சரி, இரண்டு கரண்டி இறங்கியது.)

உன்
எழிலன்


மூக்குப்பீறி,
18.5.2008

அன்புள்ள எழிலனுக்கு,

சாலமோன் எழுதுவது. கடிதம் கிடைத்தது. உனக்கு இடம் கிடைத்ததில் மனதார சந்தோஷம். இதைச் சம்பிரதாயத்துக்கு எழுதவில்லை. இரண்டு பேரில் ஒருவனாவது அந்த கேமரா பக்கத்தில் இருக்கிறானே. மேடம் உன்னிடம் என்ன கேட்டார்கள், நீ என்ன சொன்னாய் என்று எழுதவில்லையே. நான் வெளியே நின்றதால் எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது.

நான் இங்கே தங்கையா சித்தப்பாவின் கடையில் நிற்கிறேன். காலையில் ஷட்டர் தூக்குவது, சரக்கு இறக்குவது, மதியம் சித்தப்பா தூங்கும்போது கல்லாப் பக்கம் உட்கார்வது. கஷ்டம் என்று சொல்ல மாட்டேன். அப்பா சொன்ன சொல்லைக் காப்பாற்றினார், நான்தான் காப்பாற்றவில்லை. "தரமணியில எடம் கிடைச்சா படி. இல்லன்னா ஊர்ல புதுக்கடை ஒன் பேர்ல, மறுபேச்சு கூடாது" என்று தன் திருவொற்றியூர் கடையில் எல்லோர் முன்பும் பேசி முடித்ததுதானே. கடை திறப்புக்கு ஜூலை முதல் ஞாயிறு ஜெபம் வைத்திருக்கிறார்.

மத்தியானங்களில் அந்த மூன்று படங்களையும் மனதில் வைத்துப் பார்க்கிறேன். நான் இரண்டு கேமராவையும் பொருத்திப் பார்த்ததில் கோணம் தவறியிருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் கோணம் தவறினால் டொக்கு இடம் மாறும், உள்ளே இருப்பது வெளியே வராது. இன்னொன்று, தவறு மூன்று படத்திலும் ஒரே அளவாக இல்லை. நான் ஸ்கேலோடு அரையடி நகரும்போதெல்லாம் சுவரும் நகர்ந்தது. ஏதோ ஒன்று என்னோடு சேர்ந்து நகர்ந்திருக்கிறது. அது எது என்று எனக்குப் பிடிபடவில்லை. என் புரோகிராமுக்குள்தான் இருக்க வேண்டும்.

அன்றைக்கு எடுத்த எல்லாப் படங்களையும் ஒரு சி.டி.யில் போட்டு அனுப்புவாயா? பக்கத்து ஊர் நாசரேத்தில் பிரௌசிங் சென்டர் இருக்கிறது, ஞாயிறு கோயில் முடிந்து போய்ப் பார்ப்பேன். தப்பு என்னுடையதுதான், ஒத்துக்கொண்டுவிட்டேன். அது என்ன தப்பு என்று மட்டும் தெரிந்தால் போதும்.

உன் அப்பாவிடம் நான் நூலையும் ஸ்கேலையும் குறைத்துப் பேசவில்லை என்று சொல்.

சாலமோன்


வியாசர்பாடி,
25.5.2008

தோஸ்து,

நீ கடைக்காரன் ஆகவில்லை, போலீஸ்காரன் ஆகிக்கொண்டிருக்கிறாய். உன் கடிதத்தைப் படித்து எனக்கு வேர்த்துவிட்டது. இங்கே கரண்ட் கட் என்பதால் என்று வைத்துக்கொள்.

படங்கள் எல்லாம் மேடத்திடம் இருக்கின்றன. சி.டி. கேட்டால் அவர் ஆயிரம் கேள்வி கேட்பார், வேண்டாம். அப்பாவிடம் சொன்னேன். "அந்தப் புள்ள நல்ல புள்ளடா. அதான் போயிடுச்சு. நீ கீற பாரு" என்றார். பாராட்டா திட்டா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இப்போது ஒரு நல்ல செய்தி. சிரிக்காமல் படி, சிரித்தாலும் பரவாயில்லை. மேடம் நேற்று என்னைக் கூப்பிட்டு, "ஜூலைல இன்னொரு இடம் வருது. அன்னைக்கு ஏன் தவறுச்சுன்னு சாலமோன் ரெண்டு பக்கம் எழுதி அனுப்பட்டும். காரணம் சரியா இருந்தா கூப்பிடுவேன்" என்றார். கடைசித் தேதி ஜூன் இருபது. உன் அப்பாவின் ஜெபத்துக்கு முன்னாலேயே முடிந்துவிடும்!

காரணமும் என் கையில் இருக்கிறது. சூடு. சோடாபுட்டிக்கு உடம்பு சூடானால் தூரம் பிசகும். அன்றைக்கு ஷெட்டுத் தகரத்துக்குக் கீழே முக்கால் மணி நேரம் ஓடிக்கொண்டிருந்தது. நான் இங்கே லேபில் ஹேர் டிரையர் வைத்துச் சூடாக்கிப் பார்த்தேன், அதே மாதிரி பிசகியது. உன் புரோகிராமில் ஒரு தப்பும் இல்லை. இதை மட்டும் எழுது. வளைத்து வளைத்து யோசிக்காதே, நீ யோசித்தால் பூமியே தட்டையாகிவிடும்.

சீக்கிரம் வா மாமு. லேபில் எல்லோரும் தயிர் சாதம் மாதிரி அமைதியாக இருக்கிறார்கள். என் ஜோக்குக்குச் சிரிக்க ஆளில்லை, முறைக்கவும் ஆளில்லை. முறைப்பதில் உன்னை மிஞ்ச யாருமில்லை.

எழிலன்


மூக்குப்பீறி,
3.6.2008

அன்புள்ள எழிலனுக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். சித்தப்பா, "காதல் லெட்டராலே?" என்று கேட்டார். அப்படித்தான் என்று சொல்லியிருக்கலாம். அவ்வளவு சந்தோஷம்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்குச் சூடு என்ற காரணம் முழுதாக ஒட்டவில்லை. சூட்டினால் என்றால் படம் முழுக்க ஒரே அளவு தள்ளிப்போகும் என்றுதான் நினைத்திருப்பேன். டொக்கு மட்டும் ஏன் அதிகம் முன்னால் வர வேண்டும்? ஆனால் நான் நினைத்துத்தான் பார்த்தேன், நீ செய்து பார்த்திருக்கிறாய். செய்து பார்த்தவன் சொல்லுக்கு முன்னால் நினைத்துப் பார்த்தவன் வாயை மூடிக்கொள்ள வேண்டும்.

இரண்டு பக்கமும் எழுதி நேற்றே மேடத்துக்கு ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பிவிட்டேன். நான் செய்யாததை நான் செய்ததாக எழுத மனம் வரவில்லை. அதனால், "என் நண்பன் எழிலன் ஆய்வுக்கூடத்தில் கேமராவைச் சூடாக்கிச் சோதித்து இதை உறுதிசெய்தான்" என்று உன் பெயரைப் போட்டேன். பெருமை உனக்கும் சேர வேண்டும்.

அப்பாவிடம் போனில் சொன்னேன். "கிடைச்சா போ. கடையத் தம்பி பேருக்கு மாத்திக்கலாம். அவனுக்குப் பதினாறு வயசாவுது" என்றார். அப்பா பேச்சு மாற்றி நான் கேட்டதே இல்லை. எழிலா, இது உன்னால்.

சாலமோன்


வியாசர்பாடி,
8.6.2008

சாலமோன்,

ரிஜிஸ்டர் தபாலைத் திரும்ப வாங்க முடியுமா? போஸ்ட் ஆபீசில் கேட்டுப் பார். முடியாவிட்டால் மேடத்துக்கு உடனே இன்னொன்று எழுது. முதலில் எழுதியதை விட்டுவிடுங்கள், இன்னும் யோசிக்கிறேன் என்று எழுது. நான் சொன்ன காரணம் அவ்வளவு உறுதி இல்லை. வேறு ஒன்று இருக்கலாம். அதை நேரில்தான் சொல்ல முடியும், இல்லை எழுதுகிறேன், இல்லை...

என் பெயரை ஏன் போட்டாய்?

எழிலன்


மூக்குப்பீறி,
13.6.2008

எழிலனுக்கு,

தபால் போய்ச் சேர்ந்துவிட்டது. கையெழுத்தான ரசீது அட்டை திரும்பி வந்தது. நீ சூடாக்கிப் பார்த்தாய் அல்லவா? பார்த்தேன் என்று எழுதியிருந்தாய். அது உண்மை என்றால் உறுதி இல்லை என்பதற்கு என்ன அர்த்தம்? வேறு ஒன்று என்றால் என்ன?

முதன்முதலாக உன் கடிதத்தில் ஒரு ஜோக்கும் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

சாலமோன்


மூக்குப்பீறி,
28.6.2008

எழிலனுக்கு,

நீ பதில் எழுதவில்லை. மேடம் எழுதினார்கள். அவர்கள் கடிதத்தில் இருந்ததை அப்படியே தருகிறேன்:

"உங்கள் குறிப்பில் சொல்லப்பட்ட சோதனை இங்கே நடக்கவில்லை. எழிலனையே கேட்டேன், செய்யவில்லை என்றார். தவறான காரணத்தை நான் மன்னித்திருப்பேன், நானும் எத்தனையோ தவறான காரணங்கள் எழுதியிருக்கிறேன். நடக்காத சோதனையை நடந்ததாக எழுதுபவரை என் கருவிகளின் அருகில் வைத்துக்கொள்ள முடியாது."

அப்பாவிடம் சொன்னேன். பொய் எழுதிய கதையைச் சொல்லவில்லை, அவர் தாங்க மாட்டார். "எனக்கு அந்தப் படிப்பு சரிப்படலப்பா, மண்டைல ஏறல" என்று சொன்னேன். என் வாயால் சொன்னேன். ஞாயிறு ஆறாம் தேதி கடை திறப்பு.

நான் உன்னிடம் கேட்பது ஒன்றுதான். செய்து பார்த்தேன் என்று என்னிடம் எழுதினாய், செய்யவில்லை என்று அவர்களிடம் சொன்னாய். நான் உனக்கு என்ன கெடுதல் செய்தேன்?

சாலமோன்


வியாசர்பாடி,
5.7.2008

சாலமோன்,

உன் கடிதம் இரண்டாம் தேதி வந்தது. இன்று ஐந்து. மூன்று நாள் சட்டைப்பையிலேயே வைத்திருந்தேன். இதை இப்போது போட்டால் ஞாயிற்றுக்கிழமைக்குள் உனக்கு வராது என்றும் தெரியும். உன் நம்பருக்கு நேற்றும் இன்றும் அடித்தேன், அணைத்து வைத்திருக்கிறாய். கடை போனில் சித்தப்பாவிடம், "அவசரம் அங்கிள், தரமணி விஷயம்" என்றேன். "அந்தப் பேச்சே எடுக்காத தம்பி" என்று வைத்துவிட்டார்.

நீ கேட்டபடி ஒன்று விடாமல் எழுதுகிறேன். முதல் கடிதத்தில் விட்டதிலிருந்து.

உன்னோடு நகர்ந்தது உன் ஹெல்மெட்.

ஏப்ரலில், மேடம் கேமரா கொடுத்த முதல் வாரம், டிரெய்லர் ஓட்டும் மஜீது பாய் வண்டிக்குப் பின்னால் ஒட்டுகிற ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கரில் மிச்சத் துண்டு ஒன்றைக் கொடுத்தார். விளையாட்டாக அதை சோடாபுட்டிக்கு முன்னால் நீட்டினேன். படத்தில் அந்த இடம் மட்டும் பொத்தல் விழுந்தது. வந்த வெளிச்சத்தை அப்படியே திருப்பி அடிக்கிற சாமான் இல்லையா, கேமராவுக்குத் தாங்கவில்லை. உன்னிடம் சொல்லவில்லை. சொன்னால் ஜோக் போய்விடும்.

மூன்றாம் தேதி காலை உன் ஹெல்மெட்டில் அந்த ஸ்டிக்கரை இரண்டு கொம்பாக வெட்டி ஒட்டினேன். யார்டில் எல்லார் ஹெல்மெட்டிலும் ஏதோ ஒரு ஸ்டிக்கர் இருக்கும், நீ கவனிக்கவே இல்லை. கண்ணுக்கு அது சாதாரண ஸ்டிக்கர். ஆழப் படத்தில் உனக்குக் கொம்பு முளைக்கும். மேடம் சிரிப்பார், நீ முறைப்பாய், அந்தப் படத்தை பிரிண்ட் போட்டு உனக்குக் கொடுப்பேன். இவ்வளவுதான் திட்டம். சத்தியமாக இவ்வளவுதான்.

நான் சோதித்தது நகத்தளவு. ஒட்டியது விரல் நீளம். நீயும் சுவர் பக்கம் நிற்காமல் கேமராவுக்கு ஒரு மீட்டர் கிட்டத்தில் வந்து நின்றாய், ஸ்கேல் தெளிவாகத் தெரியட்டும் என்று. அந்த வெளிச்சம் லென்ஸுக்குள் சிதறி ஒவ்வொரு புள்ளியிலும் கலந்துவிட்டது. சுவர் முழுவதையும் உன் தலை இருக்கும் தூரத்துக்கு இழுத்தது. டொக்கு துருப்பிடித்துக் கறுத்துக் கிடந்ததா, அது திருப்பி அனுப்புகிற வெளிச்சம் கம்மி, அதனால் அது அதிகமாக முன்னால் வந்தது. நீ மூக்குப்பீறியில் கல்லாவில் உட்கார்ந்துகொண்டு கேட்ட இரண்டு கேள்விக்கும் இதுதான் பதில். நீ எல்லாவற்றையும் சரியாகத்தான் பார்த்தாய்.

நீ வெளியே போனதும் ஹெல்மெட்டை எடுத்து ஸ்டிக்கரை உரித்தேன். அதற்குள் மேடம் கூப்பிட்டார். "இப்படி ஏன் நடந்திருக்கும்? உனக்கு ஏதாவது தோணுதா?" என்று கேட்டார். ஸ்டிக்கர் என் கைக்குள் கசங்கி உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. "கிட்டத்துல ஏதாவது பளிச்சுனு இருந்தா அந்த வெளிச்சம் உள்ள சிதறியிருக்கலாம் மேடம்" என்றேன். அவர் ஷெட்டைச் சுற்றிப் பார்த்தார். "நல்லா யோசிக்கிற. ஆனா இங்க அப்படி ஒண்ணும் இல்லையே" என்றார். "ஆமா மேடம், இல்ல" என்றேன்.

எனக்கு இடம் கிடைத்தது அந்தப் பதிலுக்குத்தான். என்ன கேட்டார்கள், என்ன சொன்னாய் என்று நீ கேட்டாயே.

இன்னும் இருக்கிறது. நீ ஹெல்மெட் மாட்டிக்கொண்டு முன்னால் வருவதற்கு முன், கேமரா ஓடுகிறதா என்று பார்க்க நான் ஒரு படம் எடுத்தேன். உன்னை வைத்து எடுத்த மூன்றைத்தான் நீ ஓட்டிப் பார்த்தாய். இந்தப் படத்தை நான் மே பதினாறாம் தேதி லேபில் உன் புரோகிராமில் போட்டேன். டொக்கு உள்ளே இருந்தது. ஏழு சென்டிமீட்டர், அப்பா சொன்ன நாலு விரல். துரு உரிந்த விளிம்புகூடத் தெரிந்தது. அதனால்தான் உனக்கு சி.டி. அனுப்பவில்லை. நீ சரி என்று ஏழு வாரமாக எனக்குத் தெரியும்.

சூடாக்கிப் பார்க்கவில்லை. உன்னை எப்படியாவது வரவழைத்தால் போதும், எதையும் சொல்லாமலே எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். மேடம் உன் குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு, "நீ சூடாக்கிப் பார்த்தியா எழிலன்?" என்று கேட்டபோது, இனி பொய் வேண்டாம் என்று "இல்ல மேடம்" என்றேன். இரண்டு மாதத்தில் நான் சொன்ன ஒரே உண்மை. "அப்ப உன் ஃப்ரெண்டு ஏன் இப்படி எழுதணும்?" என்றார். அந்த இடத்தில்தான் வாயைத் திறந்திருக்க வேண்டும். தரையைப் பார்த்தேன். அந்தத் தரையில் எத்தனை ஓடு என்று வேண்டுமானால் சொல்கிறேன்.

நேற்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மேடம் திட்டவில்லை. ஹெல்மெட்டும் ஸ்டிக்கரும் கொண்டுவரச் சொல்லி, என்னையே மாட்டிக்கொண்டு நிற்கச் சொல்லி, படம் எடுத்தார். லேப் சுவர் புடைத்துக்கொண்டு வந்தது. கொம்பும் இருந்தது. யாரும் சிரிக்கவில்லை. ஜூலை இடத்துக்கு வேறு ஒரு பெண்ணை எடுத்தாகிவிட்டது, அவளை அனுப்ப முடியாது, என் இடத்தையும் நடுவில் பெயர் மாற்ற முடியாது, உன்னை அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார். உனக்கும் எழுதுவார். என்னைப் பற்றி, "ஆகஸ்ட் முடிய வா. நீ கெடுத்த வேலைய ஒழுங்கா முடிச்சு, சாலமோன் பேரைப் போட்டு வச்சிட்டுப் போ" என்றார்.

அப்பாவிடமும் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் தட்டைத் தள்ளிவிட்டு, "அன்னைக்கு அந்தப் புள்ளயப் பாத்து எல்லாருமா சிரிச்சோமே" என்றார். அவரும் உள்ளுக்குள் சிரித்தார் அல்லவா.

இத்துடன் அந்தப் படத்தை வைத்திருக்கிறேன். உன் புரோகிராம் செய்த படம். மன்னிப்பு என்ற வார்த்தையை எழுதி எழுதி நாலு தாள் கிழித்தேன். என் கையெழுத்தில் அது ஜோக் மாதிரியே தெரிகிறது.

எழிலன்


மூக்குப்பீறி,
20.7.2008

எழிலனுக்கு,

உன் கடிதம் ஒன்பதாம் தேதி வந்தது. கடை ஆறாம் தேதி திறந்தாயிற்று. 'சாலமோன் ஸ்டோர்ஸ்' என்று பச்சை போர்டு. அப்பா யேசுதாஸ் சென்னையிலிருந்து வந்து, ஜெபம் முடிந்ததும் எல்லோரிடமும், "மவன் தானா வந்து ஒத்துக்கிட்டான். படிப்பு சரிப்படலன்னு அவன் வாயாலயே சொன்னான். அதுக்கும் ஒரு தைரியம் வேணும்லா" என்று பெருமையாகச் சொன்னார். நான் தலையை ஆட்டினேன். கேக் வெட்டினோம்.

உன் கடிதம் வந்த அன்று அவருக்குப் போன் செய்தேன். "அப்பா, என் கணக்கு தப்பில்லையாம்" என்றேன். "சரில. இப்ப என்னல பண்ண? போர்டு எழுதியாச்சு" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நானும் ஏதாவது பேசியிருப்பேன்.

அடுத்த வருஷம் என்று மேடமும் எழுதியிருக்கிறார்கள், வருத்தமும் தெரிவித்திருக்கிறார்கள். பார்க்கலாம். ஒரு வருஷத்தில் இந்தக் கடை என்னை எவ்வளவு பிடித்துக்கொள்ளும் என்று எனக்கு இப்போது தெரியாது.

ஸ்டிக்கரைப் பற்றி எனக்குக் கோபமே இல்லை எழிலா. அன்றைக்கே ஷெட்டுக்குள் கையை விரித்துக் காட்டியிருந்தால் ஒரு குத்து விட்டிருப்பேன், அப்புறம் சிரித்திருப்பேன், நாலாவது படம் எடுத்திருப்போம். சூடு என்று எழுதியதைக்கூடத் தாங்கிக்கொள்வேன், என்னை வரவழைக்கத்தான் எழுதினாய். நான் தாங்க முடியாதது வேறு. இந்த இரண்டு மாதமும் நான் ஒவ்வொரு மத்தியானமும் உட்கார்ந்து, எனக்கு மண்டை இல்லை என்று எனக்கே சொல்லிச் சொல்லிப் பழகினேன். நன்றாகப் பழகிவிட்டேன். நான் சரிதான் என்று உன் கடிதத்தில் படிக்கிறேன், அறிவுக்குப் புரிகிறது, உள்ளே போகவில்லை. நான் அப்படிப் பழகிக்கொண்டிருந்த ஒவ்வொரு நாளும் உனக்கு விஷயம் தெரியும். தெரிந்துகொண்டே கேசரியையும் தயிர் சாதத்தையும் வைத்து ஜோக் எழுதினாய். நானும் இங்கே தனியாகச் சிரித்தேன்.

இனி எழுதாதே என்று எழுதத்தான் இன்று உட்கார்ந்தேன்.

படத்தைப் பத்து நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சரக்கு வாங்க வந்தவர்கள் கேட்டால், கன்டெய்னர் என்கிறேன். டொக்கு நன்றாக வந்திருக்கிறது. ஆனால் இடது ஓரத்தில், கதவுக் கீலுக்குப் பக்கத்தில் பார். கழுகின் விளிம்புக்கும் சோடாபுட்டியின் விளிம்புக்கும் இரண்டு புள்ளி வித்தியாசம் இருக்கிறது. கீல் இரண்டாகத் தெரிகிறது. அது ஸ்டிக்கரால் இல்லை, அது என் தப்பு. ஓரத்தில் லென்ஸ் வளைவதை நான் நடுவிலிருந்த அளவை வைத்தே கணக்கிட்டேன். ஓரத்துக்குத் தனியாகக் கட்டம் போட்ட அளவுப் பலகை பிடித்து இன்னும் பத்துப் படம் எடுத்துப் பொருத்த வேண்டும். ஆகஸ்ட் முடிவதற்குள் செய்தால் போதும்.

செய்துவிட்டுப் படத்தை அனுப்பு. கடிதம் வேண்டாம்.

சாலமோன்